ரத்தம் எடுப்பதற்கு முன்: மருத்துவ, மரபணு ஆய்வுகளுக்கான உயிரிப் புள்ளியியல் முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆய்வு செய்யும் நம் இளம் மருத்துவர்களும் மருந்தாளர்களும் ஆய்வக மாணவர்களும் புள்ளியியல் ஆளைத் தேடி வருவது பெரும்பாலும் தரவு எல்லாம் சேர்ந்த பிறகு. கையில் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியிருக்கும். "பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு.) அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. எத்தனை பேரைச் சேர்ப்பது, யாரை யாரோடு ஒப்பிடுவது, எந்த மாதிரியை எந்த நாளில் ஆய்வகத்துக்கு அனுப்புவது ஆகிய முடிவுகளே ஆய்வின் தலையெழுத்தை எழுதுகின்றன. அவற்றில் தவறிவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி வேலை நடக்கும் வரிசையிலேயே போகிறது. பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனை ஆய்வை வைத்துக்கொள்வோம். பினாங்கின் சுகாதாரக் கிளினிக்குகளுக்கு வரும் இனிப்பு நீர் நோயாளிகளுக்குத் தமிழில், வாட்ஸ்அப் வழியாக உணவு ஆலோசனை கொடுத்தால் ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்த அளவீடு) குறையுமா? கூடவே, சம்மதிப்பவர்களிடம் இன்னொரு குழாய் ரத்தம் வாங்கி மரபணுவையும் பார்க்கிறோம். கேள்வி கற்பனை என்றாலும் தேவை உண்மையானது. 2019 தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"வாட்ஸ்அப் ஆலோசனையின் பயனை ஆராய்தல்" என்பது தலைப்பு, இன்னும் கேள்வியாகவில்லை. யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எந்த அளவீட்டை, எப்போது பார்க்கப் போகிறோம்? ஐந்துக்கும் பதில் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். நம் ஆய்வில் முதன்மை அளவீடு ஆறாம் மாத ஹெச்பிஏ1சி. எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் அளக்கலாம். ஆனால் முதன்மை ஒன்றே ஒன்று. பத்து அளவீடுகளைப் பார்த்துவிட்டு எது நன்றாக வந்ததோ அதைப் பிறகு முதன்மை என்று சொல்வது வாசகரை ஏமாற்றுவது.

இதே இடத்தில் இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். ஆய்வின் நடுவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் இன்சுலின் தொடங்கிவிட்டால் அவருடைய ஆறாம் மாத எண்ணை என்ன செய்வது? அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாம் கேட்பது ஒரு கேள்வி. இன்சுலின் தொடங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டால் அது வேறொரு கேள்வி. மருந்து ஆய்வுகளுக்கான பன்னாட்டு வழிகாட்டுதலான ஐசிஹெச் இ9, 1998-இல் வந்தது. அதற்கு 2019-இல் வந்த பிற்சேர்க்கை முழுக்க இந்த விஷயத்தைப் பற்றியதுதான்.

படி 2: எத்தனை பேர் வேண்டும்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம். நான்கு எண்கள் தேவை: கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு, அளவீட்டின் திட்ட விலக்கம் (எண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்பது), தவறான நேர்முடிவுக்கு (பயன் இல்லாதபோது உண்டு என்று சொல்வதற்கு) நாம் அனுமதிக்கும் அளவு, ஆய்வின் ஆற்றல் (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு). ஹெச்பிஏ1சியில் 0.5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால் மருத்துவர் அதைப் பொருட்படுத்துவார் என்று வைத்துக்கொள்வோம். திட்ட விலக்கம் 1.5. வழக்கம்போலத் தவறான நேர்முடிவுக்கு 5 விழுக்காடு, ஆற்றல் 80 விழுக்காடு; இவற்றுக்கான அட்டவணை எண்கள் 1.96, 0.84. ஒரு குழுவுக்குத் தேவையானது 2 × (1.96 + 0.84)² × 1.5² ÷ 0.5². விடை 142 பேர். வேறுபாட்டை 0.25 என்று பாதியாக்கினால் தேவை நான்கு மடங்காகி சுமார் 565-க்குப் போய்விடும்.

எந்த வேறுபாடு முக்கியம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், புள்ளியியல் ஆள் அல்ல. "கையில் நூறு பேர்தான் இருக்கிறார்கள், அதற்கேற்ற வேறுபாட்டைப் போடுங்கள்" என்று பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப் போட்டால் 0.8, 1.0 என்று நடக்க வாய்ப்பில்லாத வேறுபாடுதான் வரும். அந்த ஆய்வு "பயன் இல்லை" என்று முடியும். உண்மையில் பயன் இருந்திருக்கலாம். பார்க்கும் அளவுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, 142 பேரைக் குறைக்க வழி உண்டா? உண்டு. ஒருவரின் தொடக்க ஹெச்பிஏ1சிக்கும் ஆறாம் மாத ஹெச்பிஏ1சிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கும். அந்தத் தொடர்பின் வலிமையைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.7 என்று வைத்துக்கொண்டு, பகுப்பாய்வில் தொடக்க மதிப்பைச் சரிசெய்தால், தேவை 1 − 0.7² = 1 − 0.49, அதாவது 0.51 மடங்காகக் குறையும். 142 இப்போது 73. புதிதாக ஒரு சென் செலவில்லை. ஊழியர் சம்பளம், ஆய்வகக் கட்டணம், நோயாளிகளின் அலைச்சல் எல்லாம் ஏறக்குறையப் பாதி. முன்கூட்டியே கலந்து பேசுவதன் பயனைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு வரிக் கணக்கைத்தான்.

அப்புறம் கூட்ட வேண்டியவையும் உண்டு. வாட்ஸ்அப் செய்தி ஒருவரோடு நிற்காது. அக்காவுக்கு வந்த உணவுப் பட்டியல் அன்று இரவே குடும்பக் குழுவில் இருக்கும். அதே வீட்டு அண்ணி ஒப்பீட்டுக் குழுவில் இருந்தால் ஒப்பீடே கலங்கிவிடும். கிளினிக் கிளினிக்காக ஒதுக்கலாம். அப்படிச் செய்தால் ஒரே கிளினிக்கின் நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் தேவை ஏறும். கிளினிக்குக்கு 20 பேர், உள்ஒட்டுறவு (அந்த ஒத்திருப்பின் அளவு) 0.05 என்றால் பெருக்குக் காரணி 1 + 19 × 0.05 = 1.95. நான் என்றால் இங்கே குடும்பத்தை அலகாக வைப்பேன். ஒரு குடும்பத்திலிருந்து சராசரி 1.3 பேர், உள்ஒட்டுறவு 0.3 என்று கொண்டால் காரணி 1.09 மட்டுமே. 73 × 1.09 ஏறத்தாழ 80. ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்று எடுத்துக்கொண்டு 0.8-ஆல் வகுத்தால் குழுவுக்கு 100, மொத்தம் 200 பேர்.

படி 3: நம் ஆட்கள் எத்தனை பேர் என்று தனியாகப் பாருங்கள்

நம் கற்பனை ஆய்வு தமிழர்களுக்கானது. பொதுவான மலேசிய ஆய்வு அப்படி இருக்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. 300 பேர் கொண்ட ஆய்வில் அந்த விகிதத்திலேயே சேர்த்தால் இந்தியர் 20 பேர்தான் வருவார்கள். அந்த 20 பேரில் 6 பேருக்கு ஒரு பக்கவிளைவு வந்தால் 30 விழுக்காடு என்று எழுதலாம். ஆனால் அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 10 முதல் 50 வரை விரிந்திருக்கும். அந்த எண்ணை வைத்து மருத்துவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

இதற்குத் தீர்வு உண்டு. தொடக்கத்திலேயே இந்தியர்களை விகிதத்துக்கு மேல் சேர்த்து, மொத்த மதிப்பீட்டின்போது எடையிட்டுச் சரிசெய்ய வேண்டும். இதைத் திட்டத்தில் எழுதி, அதற்கான பணமும் கேட்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் "இனவாரியாகவும் பார்த்துவிடலாமே" என்றால் கிடைப்பது அந்த 20 பேர்தான். நம் சமூகத்தைப் பற்றிய மருத்துவ அறிவு மெலிந்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

"இந்தியர்" என்ற கட்டத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அதில் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி எல்லாரும் அடங்குவர். பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சிலர் இந்தியர் என்றும் சிலர் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பார்கள். வீட்டில் பேசும் மொழி, தாய்வழி, தந்தைவழிப் பூர்வீகம் ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். மரபணுப் பகுதிக்கு இது பின்னால் மிகவும் உதவும்.

படி 4: ஒதுக்கீட்டை மனிதக் கையிலிருந்து எடுத்துவிடுங்கள்

சமவாய்ப்பு ஒதுக்கீடு, அதாவது யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்வது, பட்டியலைக் கணினியில் உருவாக்குவதோடு முடிவதில்லை. அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது அவரைச் சேர்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், நல்ல மனதோடுதான் என்றாலும், அதிகச் சர்க்கரை உள்ள அம்மாவை ஆலோசனைக் குழுவில் போடத் தாதியின் மனம் விரும்பும். 1948-இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இதற்காகவே முத்திரையிட்ட உறைகளை வைத்தார். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் முறையே 4 பேரும் 14 பேரும். அவ்வளவு சிறிய ஆய்வை உலகம் நம்பியதற்கு ஒதுக்கீட்டில் யாரும் கைவைக்க முடியாமல் இருந்தது ஒரு முக்கியக் காரணம். இன்று உறைக்குப் பதில் இணையவழி ஒதுக்கீடு எளிது. தொகுதி அளவை (எத்தனை பேருக்கு ஒருமுறை இரண்டு குழுவும் சமமாகும் என்பதை) 4, 6 என்று ஒழுங்கில்லாமல் மாற்றி வையுங்கள்; அப்போது அடுத்தது எது என்று யாராலும் ஊகிக்க முடியாது.

படி 5: பதிவு, ஒப்புதல், பகுப்பாய்வுத் திட்டம்

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் ஆய்வு செய்ய வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது என்எம்ஆர்ஆரில், பதிந்து எம்ஆர்இசி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குச் சொந்தக் குழு உண்டு. இந்தப் படிவங்களுக்கு எப்படியும் மாதிரி அளவுக் கணக்கு தேவைப்படும், ஆகவே படி 2 இங்கே நேரடியாகப் பயன்படும்.

இதே நேரத்தில் பகுப்பாய்வுத் திட்டத்தையும் எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். முடிவுகளுக்கான அட்டவணைகளின் வெற்றுக் கட்டங்களைக்கூட வரைந்து வைப்பது நல்லது. எண்கள் இல்லாத அட்டவணையை நிரப்பப் பார்க்கும்போதுதான் "இதை அளக்க மறந்துவிட்டோமே" என்பது தெரியவரும்.

படி 6: தரவைப் பிறக்கும்போதே சுத்தமாக வையுங்கள்

அடையாள அட்டை எண்ணைத் தரவுக் கோப்பில் வைக்கவே கூடாது. நம் ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். பெயரை நீக்கிவிட்டு ஐசியை விட்டுவைத்தால் எதையும் மறைத்ததாகாது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆய்வு எண் கொடுங்கள். அந்த எண்ணையும் ஐசியையும் இணைக்கும் பட்டியல் வேறொரு இடத்தில், பூட்டின்கீழ் இருக்கட்டும்.

பெயரை வைத்துக் கோப்புகளை இணைக்க முயலாதீர்கள். லெட்சுமி என்ற ஒரே பெயர் ரோமன் எழுத்தில் நான்கு விதமாக வரும். மகள் என்பதற்கான "ஏ/பி" சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. தந்தை பெயர் ஒரு கோப்பில் முன்னால், இன்னொன்றில் பின்னால்.

சேகரிப்புக்கு எக்செலைவிட ரெட்கேப் போன்ற இணையவழித் தரவுப் பதிவு முறை எவ்வளவோ மேல். ஹெச்பிஏ1சிக்கு 3-க்குக் குறைவாகவோ 20-க்கு அதிகமாகவோ யாராவது தட்டினால் அப்போதே கேள்வி கேட்கும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். அலகையும் கவனியுங்கள். ஓர் ஆய்வகம் ஹெச்பிஏ1சியை விழுக்காட்டில் தரும், இன்னொன்று மில்லிமோல் கணக்கில் தரும். 53 என்ற எண் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அது 7 விழுக்காடுதான். தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் மாறுபாடுகள் ஹெச்பிஏ1சி அளவீட்டையே பாதிக்கும். இந்த நாட்டில் அது அரிதல்ல என்பதால் அதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். ஆறாம் மாதச் சந்திப்பு தீபாவளியை ஒட்டி விழுமானால் இரண்டு குழுவுக்கும் சமமாக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாத உணவைக் காட்டுவது. முறுக்கும் அதிரசமும் அதில் தெரியும்.

மரபணுப் பெயர்களை எக்செலில் திறப்பது தனி ஆபத்து. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுக்களை அது தேதியாக மாற்றிவிடும். இது ஆய்விதழ்களின் இணைப்புக் கோப்புகளில் பெருமளவில் பரவிவிட்டதால் 2020-இல் மரபணுப் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

படி 7: ஆய்வக வரிசையைக் கலையுங்கள்

மரபணுப் பகுதியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். மாதிரிகள் ஆய்வகத்தில் தொகுதி தொகுதியாக ஓடும். ரசாயனக் குப்பி மாறும், ஆள் மாறுவார், இயந்திரத்தின் அளவு திருத்தம் மாறும். ஒவ்வொரு தொகுதியும் எண்களில் ஒரு சாயலை விட்டுச் செல்லும்.

2007-இல் ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினரின் மரபணு வெளிப்பாட்டை (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை) ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஏராளமான மரபணுக்களில் வேறுபாடு இருப்பதாகச் சொன்னது. ஜோஷுவா ஏகியும் மற்றவர்களும் அதே தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பியர் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004-இலும் ஆசியர் மாதிரிகள் 2005, 2006-இலும் ஓடியிருந்தன. வேறுபாடு இனத்தால் வந்ததா, ஆண்டால் வந்ததா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப்போனால் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

மலேசியாவில் இந்தப் பொறி மிக எளிதாக அமைந்துவிடும். மலாய், சீன, இந்திய மாதிரிகள் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து வரும்; வந்த வரிசையிலேயே பிளேட்டில் போட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியது இதுதான்: மாதிரிகளை உறையவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 96 குழிப் பிளேட்டிலும் எல்லாக் குழுக்களும் சம விகிதத்தில், கலைந்த இடங்களில் அமரும்படி கணினியில் வரைபடம் போடுங்கள். ஒருவரின் தொடக்க மாதிரியும் ஆறாம் மாத மாதிரியும் ஒரே பிளேட்டில் இருக்கட்டும். ஓடிய தேதி, பிளேட் எண், ரசாயனத் தொகுதி எண் எல்லாம் தரவில் ஒரு பத்தியாக வரட்டும். ஒரே ரத்தத்தை மூன்று முறை ஓட்டினால் மூன்று பேர் ஆகிவிடாது என்பதையும் ஆர்என்ஏ ஆய்வு செய்யும் மாணவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

படி 8: மரபணுத் தரவின் தரத்தைச் சோதியுங்கள்

முதலில் ஆள் மாறாட்டம். எக்ஸ் குரோமோசோமைப் பார்த்துப் பாலினத்தைக் கணித்து, பதிவோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவை பெரும்பாலும் குழாய் மாறியவை. ஒரு குழாய் மாறியிருந்தால் பக்கத்துக் குழாய்களையும் சந்தேகியுங்கள். அடுத்து, வாசிப்பு விகிதம் (இயந்திரத்தால் படிக்க முடிந்த பங்கு) குறைந்த மாதிரிகளையும் குறியிடங்களையும் (மரபணுத்தொகையில் நாம் படிக்கும் இடங்களையும்) நீக்குங்கள். பிளிங்க் மென்பொருள் இவற்றையெல்லாம் நிமிடங்களில் செய்துவிடும்.

உறவுமுறைச் சோதனை நமக்குக் கூடுதல் முக்கியம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடம் வழக்கமாக இருந்தது. மாமன் மகள் திருமணத்தில் பிறந்த பிள்ளையின் உள்ளினக் கெழு (ஒரே மூதாதையரின் மரபணுப் பிரதியே இரு பெற்றோர் வழியாகவும் வரும் வாய்ப்பு) 1/16, தாய்மாமன் திருமணத்தில் 1/8. இதனால் ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையிலிருந்து (உறவு பார்க்காமல் மணம் நடக்கும் கூட்டத்தில் எதிர்பார்க்கும் மரபணு விகிதங்களிலிருந்து) விலகல் வரும். வழக்கமான வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால், வாசிப்புப் பிழை என்று நினைத்து நல்ல குறியிடங்களையும் தூக்கி எறிந்துவிடுவோம். ஒரே தோட்டத்துப் பரம்பரையிலிருந்து வந்த பங்கேற்பாளர்கள் தாங்கள் அறியாமலேயே உறவினராகவும் இருப்பார்கள். அவர்களை நீக்குவதைவிட, உறவு அணியை (யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்ற அட்டவணையை) சேர்த்துக்கொள்ளும் கலப்பு மாதிரி என்ற கணக்கு முறையைப் பயன்படுத்துவது நல்லது.

பிறகு பூர்வீகம். முதன்மைக் கூறு பகுப்பாய்வு ஒவ்வொருவரையும் மரபணு ஒற்றுமையின்படி வரைபடத்தில் வைக்கும். ஒப்பிட ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் 2,504 பேரின் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் உண்டு. படிவத்தில் எழுதியதும் வரைபடத்தில் விழுந்த இடமும் பொருந்தாவிட்டால் யாரையும் "திருத்த" வேண்டாம். பகுப்பாய்வில் கூறுகளைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

படி 9: பகுப்பாய்வு

மருத்துவப் பகுதி, திட்டம் எழுதியிருந்தால், சீக்கிரம் முடிந்துவிடும். யார் எந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டாரோ அந்தக் குழுவிலேயே கணக்கிடுங்கள், ஆலோசனையைப் படித்தாலும் படிக்காவிட்டாலும். தொடக்க ஹெச்பிஏ1சியைச் சரிசெய்யுங்கள். தொடக்கப் பண்புகளின் அட்டவணையில் பி மதிப்பு போட வேண்டாம். ஒதுக்கீடு சமவாய்ப்பில் நடந்தது நமக்கே தெரியும்போது அதில் சோதிக்க ஒன்றுமில்லை. முடிவு "0.4 குறைந்தது, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.05 முதல் 0.75 வரை" என்று வந்தால், பி மதிப்பு 0.05-க்குக் கீழேதான் இருக்கும். ஆனாலும் பயன் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், நாம் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். அதை அப்படியே எழுதுங்கள்.

திரும்பி வராதவர்கள் பெரிய தலைவலி. சர்க்கரை ஏறியவர்கள் தாதியின் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு வராமல் இருந்தால், வந்தவர்களை மட்டும் எண்ணுவது முடிவை அழகாக்கிக் காட்டும். பன்முறை இட்டுநிரப்பல் (விடுபட்ட எண்களை, இருப்பவற்றைக் கொண்டு பலமுறை ஊகித்து நிரப்புவது) உதவும், ஆனால் அதுவும் அனுமானங்களை நம்பியது. ஒரு போன் செய்து "அம்மா, எப்படி இருந்தாலும் வாங்க, ரத்தம் மட்டும் கொடுத்தால் போதும்" என்று கூப்பிடுவது எந்தச் சூத்திரத்தையும்விட மேல்.

மரபணுப் பகுதியில் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 20,000 மரபணுக்களை 0.05 வரம்பில் சோதித்தால், எதிலும் உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும் சுமார் 1,000 "கண்டுபிடிப்புகள்" வரும். அதனால்தான் மரபணுத்தொகை முழுவதையும் தேடும் ஆய்வுகளில் வரம்பு 5×10⁻⁸, 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தது. வெளிப்பாட்டு ஆய்வுகளில் பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995-இல் தந்த முறைப்படி, பட்டியலில் பொய்யானவற்றின் விகிதத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம். ஆர்என்ஏ எண்ணிக்கைகளுக்கு எதிர்ம ஈருறுப்புப் பரவலை வைத்த டிஇசெக்2, எட்ஜ்ஆர் போன்ற கருவிகள் இருக்கின்றன. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையை அதில் நேரடியாகப் போடாதீர்கள்.

நம் 200 பேரை வைத்து மரபணுத்தொகை முழுக்கத் தேட முடியாது. இனிப்பு நீர் போன்ற நோய்களில் ஒரு மாறுபாட்டின் விளைவு சிறியது. வாய்ப்பு விகிதம் (1 என்றால் விளைவே இல்லை) 1.1, 1.2 என்ற அளவில்தான் இருக்கும். அதற்குப் பல்லாயிரம் பேர் தேவை. முன்கூட்டியே எழுதிய ஒன்றிரண்டு கேள்விகளை மட்டும் சோதித்துவிட்டு, பெரிய கூட்டாய்வு ஒன்றில் இந்தத் தரவைச் சேர்ப்பதுதான் சரி. சம்மதப் படிவத்தில் அதற்கு முன்பே இடம் விட்டிருக்க வேண்டும்.

படி 10: இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கட்டும்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் வெளியான கட்டுரைகள், புற்றுநோய்க் கட்டியின் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்து எந்த மருந்து வேலை செய்யும் என்று கணிக்கலாம் என்றன. கீத் பாகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அதே தரவிலிருந்து அந்த முடிவைத் திரும்பப் பெற முயன்றார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுபவை, படாதவை என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. 2009-இல் அவர்கள் இதை வெளியிட்டபோது, அந்தக் கணிப்பை வைத்து நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. 2010-இல் அவை நிறுத்தப்பட்டன.

ஆகவே, சுட்டியால் சொடுக்கிச் செய்யும் வேலையைக் குறையுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்தினாலும் கட்டளைக் கோப்பைச் சேமியுங்கள். ஆர் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. இலவசம், மரபணு வேலைக்கான பயோகண்டக்டர் தொகுப்புகளும் அதில் உண்டு. மூலத் தரவைத் தொடாதீர்கள். மூலத்திலிருந்து கடைசி அட்டவணை வரை ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். ஆய்வில் இல்லாத ஒருவர் அதை ஓட்டி, அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்கட்டும்.

படி 11: முடிவு மருத்துவமனைக்குப் போக என்ன வேண்டும்

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுசேர்ந்த நல்ல உதாரணம் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து. சிலருக்கு அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எனும் உயிரைப் பறிக்கும் தோல் எதிர்வினையைத் தரும். 2004-இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் ஹெச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு மாறுபாடு இருந்தது. அதே மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே. 44 பேர் போதுமானதற்குக் காரணம் விளைவு அவ்வளவு பெரியது. ஒப்பீட்டுக்கு மருந்தே சாப்பிடாத பொதுமக்களை மட்டும் எடுக்காமல், சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களை எடுத்ததையும் கவனியுங்கள். மலேசிய நோயாளிகளிடமும் பின்னர் இந்தத் தொடர்பு தெரியவந்தது.

ஆனால் இந்த வகை ஒப்பீடு ஆபத்தின் அளவைச் சொல்லாது. அந்த மாறுபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தால் எதுவும் ஆவதில்லை. பரிசோதித்து மருந்தை மாற்றினால் நோய் தடுக்கப்படுமா என்பதற்கு வேறோர் ஆய்வு தேவைப்பட்டது. 2011-இல் தைவானில் 4,877 பேரைப் பரிசோதித்து, மாறுபாடு இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு அந்த மருந்தைத் தவிர்த்தார்கள். பழைய விகிதப்படி சுமார் 10 பேருக்கு அந்த எதிர்வினை வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை. தொடர்பு, கணிப்பு, பயன் ஆகிய மூன்றுக்கும் இப்படித் தனித்தனிச் சான்று வேண்டும்.

பல மரபணுக்களைக் கூட்டிப் போடும் ஆபத்து மதிப்பெண்ணுக்கும் இதே விதிதான். ஐரோப்பியப் பெண்களை வைத்து உருவாக்கிய மார்பகப் புற்றுநோய் மதிப்பெண் நம் பெண்களுக்குப் பொருந்துமா என்பது நியாயமான சந்தேகம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் பல்லாண்டுகளாகச் சேர்த்துவந்த மாதிரிகள் இருந்ததால்தான், மலேசிய, சிங்கப்பூர் மலாய், சீன, இந்தியப் பெண்களிடம் அதை 2020-இல் நேரடியாகச் சோதிக்க முடிந்தது. அந்த ஆய்வை முன்னின்று எழுதியவர் ஒரு புள்ளியியலாளர், ஹோ வியாங் கீ.

படி 12: யாரைப் பார்ப்பது, எதை எடுத்துப் போவது

அரசாங்க மருத்துவமனையில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மருத்துவ ஆய்வு மையங்கள் உண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் மருத்துவப் புலத்தின் சமூக மருத்துவத் துறையில் கேட்கலாம். முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியவை: படி 1-இன் அந்த ஒரு வாக்கியம், இதே அளவீட்டைப் பயன்படுத்திய இரண்டு மூன்று கட்டுரைகள், உங்கள் கிளினிக்கில் மாதத்துக்கு எத்தனை நோயாளிகள் தகுதி பெறுவார்கள் என்ற நேர்மையான எண்ணிக்கை. புள்ளியியல் ஆள் கணிசமாக உழைத்திருந்தால் கட்டுரையில் அவர் பெயரும் வர வேண்டும். அதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

கட்டுரை எழுதும்போது, சமவாய்ப்பு ஆய்வுக்கு கன்சார்ட், அவதானிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கேற்றவர்களுக்கு முடிவை ஒரு பக்கத் தமிழில் கொடுங்கள். "ஆபத்து 40 விழுக்காடு குறைந்தது" என்று எழுதாமல், "100 பேரில் முன்பு இத்தனை பேருக்கு, இப்போது இத்தனை பேருக்கு" என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். பங்கேற்பாளர் கையில் போகும் எந்தத் தாளையும் நெறிமுறைக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்பதால், இதன் வரைவைப் படி 5-இன் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.